விளம்பரம் என்று மறைக்கப்பட்ட வரைபடங்கள்

புதிதாக ஒரு பிரவுசரை நிறுவினால் நான் முதலில் சேர்ப்பது, விளம்பரங்களைத் தடுக்கும் ஆட் பிளாக்கரைத்தான். உறவினர், நண்பர் யாராவது கணினியைச் சரிபார்க்கக் கொடுத்தால் அதிலும் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். பக்கங்கள் சீக்கிரம் திறக்கின்றன. நாம் எங்கே போகிறோம், எதைப் படிக்கிறோம் என்று பின்தொடரும் ஸ்கிரிப்டுகள் என்ற சிறு நிரல்கள் ஓடுவதில்லை. ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அழுத்துங்கள்’ என்று பயமுறுத்தும் பொய்ப் பெட்டிகள் வருவதில்லை. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே எனக்குப் போதும். ஆகவே கீழே உள்ளதைப் படித்துவிட்டு யாரும் ஆட் பிளாக்கரைக் கழற்றிவிட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது, அது தவறிப்போய்த் தடுத்துவிடும் படங்களைப் பற்றி. விளம்பரத்துக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒரு பாடத்தின் வரைபடமாக இருக்கும், யாரோ பார்த்துப் பார்த்து எடுத்த புகைப்படமாக இருக்கும். பெயரிலோ முகவரியிலோ ஏதோ இரண்டு எழுத்து ஒத்துப்போனதால் மறைந்துபோகும். தவறு நடப்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நடந்தது யாருக்கும் தெரியாமலே போகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

என் நண்பர் ஒருவர் கணக்கு ஆசிரியர். மாணவர்களுக்காக ஒரு இணையதளம் வைத்திருக்கிறார். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வரைபடங்களை அவரே வரைந்து ஏற்றுவார். ஒரு நாள் ஒரு மாணவரிடமிருந்து மின்னஞ்சல்: “சார், நிழலிட்ட பகுதியின் பரப்பைக் கண்டுபிடி என்று கேள்வியில் இருக்கிறது. எது நிழலிட்ட பகுதி என்று தெரியவில்லை.” நண்பர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பரவளையமும் நேர்கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் அழகாக நிழலிடப்பட்டு, கேள்விக்கு மேலேயே இருந்தது. மாணவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து, “படத்தைப் பாருங்கள்” என்று பதில் போட்டார். கொஞ்ச நாளில் வேறொரு மாணவர், வேறொரு பாடம், அதே மாதிரிக் கேள்வி. அப்புறம்தான் என்னிடம் வந்தார். “என் கணினியில எல்லாம் தெரியுதே, இவங்களுக்கு மட்டும் ஏன் தெரியலை?” என்றார்.

அவர் கணினியில் ஆட் பிளாக்கர் இல்லை. என்னுடையதில் இருந்தது. நான் திறந்தபோது எனக்கும் படம் இல்லை. ஆனால் பக்கத்தைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டி கிடையாது, உடைந்த படத்தின் சின்னம் கிடையாது. முந்தைய பத்தி முடிந்து அடுத்த பத்தி ஒட்டினாற்போலத் தொடங்கியது. அங்கே ஒரு படம் உண்டு என்று தெரியாதவர் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

எஃப்12 விசையை அழுத்தி, பக்கத்தின் உட்புறத்தை ஆராய உதவும் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றினேன். இந்தப் பகுதியில் பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வரும். படங்களை மட்டும் காட்டச் சொன்னால் பட்டியல் சுருங்கிவிடும். சர்வரில் கோப்பே இல்லையென்றால் 404 என்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. குரோமில் அந்த வரி சிவப்பாகி, ‘பிளாக்டு பை கிளையன்ட்’ என்று காட்டியது. அதாவது நம் பிரவுசருக்குள்ளேயே யாரோ தடுத்துவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸில் பார்த்தால், தடுத்த எக்ஸ்டென்ஷனின், அதாவது பிரவுசரில் நாம் சேர்த்த துணை நிரலின், பெயரையே அந்த வரியில் போட்டிருந்தது. யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட் பிளாக்கரில் ‘லாகர்’ என்று ஒரு தனி ஜன்னல் உண்டு. எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளின் பட்டியல்களை வைத்துத்தான் தடுப்பான்கள் வேலை செய்கின்றன. எந்தக் கோப்பை எந்த விதி தடுத்தது, அந்த விதி எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதை அது வரி வரியாகச் சொல்லும். குரோமில் பழைய யூபிளாக் ஆரிஜின் இனி ஓடாது என்பதால், இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நான் இப்போது ஃபயர்ஃபாக்ஸுக்குத்தான் போகிறேன்.

விஷயம் இதுதான். நண்பர் பாடங்களை மூன்று ஃபோல்டர்களில் வைத்திருந்தார். தொடக்கநிலைக்கு ‘பேசிக்’, இடைநிலைக்கு ‘இன்டர்’, மேல்நிலைக்கு ‘அட்வான்ஸ்டு’ என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளான ஏ, டி, வி. ‘அட்வர்டைஸ்மென்ட்’ என்பதற்கும் முதல் மூன்று எழுத்து அவையேதான். ஏதோ ஒரு பட்டியலில், இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் அந்த மூன்றெழுத்து வந்தால் படத்தைத் தடு என்று ஒரு விதி இருந்திருக்கிறது. விளைவாக, எளிய பாடங்களின் படங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. படம் இல்லாமல் புரியவே புரியாத கடினமான பாடங்களின் படங்கள் மட்டும் மறைந்துபோயின.

நண்பர் மறுநாளே அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினார். படங்கள் திரும்ப வந்தன. ஆனால் எழுதிக் கேட்டவர்கள் சிலர்தான். கேட்காமல், தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிட்டுப் போன மாணவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஏன் வழியில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பு சர்வரில் இல்லாமல் போனால், அதைக் கேட்டுவந்த கோரிக்கை சர்வரின் லாகில், அதாவது பதிவேட்டில், 404 ஆகப் பதிவாகும். தளம் நடத்துபவர் என்றாவது எட்டிப் பார்த்தால் பிடித்துவிடலாம். ஆட் பிளாக்கர் தடுத்த கோரிக்கையோ பிரவுசரை விட்டு வெளியே போவதே இல்லை. சர்வருக்கு ஒன்றும் தெரியாது. சரி, எத்தனை பேர் தடுப்பான் வைத்திருக்கிறார்கள் என்று பார்வையாளர் கணக்கெடுப்பு ஸ்கிரிப்டிலாவது பார்க்கலாமே என்றால், அந்த ஸ்கிரிப்டையும் அதே தடுப்பான் பெரும்பாலும் தடுத்திருக்கும். படம் கிடைக்காத வாசகரும் கணக்கில் வரமாட்டார், அவருக்குக் கிடைக்காத படமும் கணக்கில் வராது. வாசகர் பக்கத்திலோ, தடுத்த இடத்தைச் சுருக்கி மூடிவிடுவதால் தடயம் இல்லை. அது விளம்பரத்துக்கு நல்ல ஏற்பாடு. விளம்பரம் போனபின் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தால் பக்கம் பார்க்க முடியாது. ஆனால் பாடத்தின் படத்தையும் அதே மாதிரி துடைத்து மூடிவிட்டால், இரு தரப்பிலும் சாட்சியே இல்லாத இழப்பாகிவிடுகிறது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமான மென்பொருளுக்கு ஒரு பரவளையத்துக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். அது படத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்கவும் முடியாது. கோப்பு இறங்குவதற்கு முன்பே தடுத்தால்தான் வேகமும் தனியுரிமையும் கிடைக்கும். எனவே கோரிக்கை கிளம்பும் அந்தக் கணத்தில் அதன் கையில் இருப்பவை மூன்று தகவல்கள்: கோப்பின் முகவரி, அது படமா ஸ்கிரிப்டா என்ற வகை, கேட்கும் பக்கம் எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்பது. வாசலில் நிற்கும் காவலாளி முகத்தைப் பார்க்காமல், கையில் உள்ள பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து ஆளை நிறுத்துவது மாதிரிதான். முழு முடிவும் முகவரியில் உள்ள எழுத்துகளை வைத்து எடுக்கப்படுகிறது.

அந்தப் பட்டியலை எழுதுபவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களைத் திட்டுவது நியாயமில்லை. 2002இல் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் என்ற டென்மார்க்காரர் இன்றைய ஃபயர்ஃபாக்ஸின் முன்னோடிக்காக ‘ஆட்பிளாக்’ எக்ஸ்டென்ஷனை எழுதினார். அப்போதெல்லாம் எதைத் தடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தாமே விதி எழுதிக்கொள்ள வேண்டும். 2005இல் ரிக் பெட்னெல், எல்லோரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுப் பட்டியலைத் தொகுக்க ஆரம்பித்தார். அதுதான் ஈஸிலிஸ்ட். 2006இல் விளாடிமிர் பலாண்ட் ‘ஆட்பிளாக் பிளஸ்’ஸை வெளியிட்டார். 2014இல் ரேமண்ட் ஹில் ‘யூபிளாக்’கைத் தொடங்கினார். மென்பொருள்கள் மாறின. ஆனால் பெட்னெல் 2009இல் மறைந்த பிறகும் ஈஸிலிஸ்ட் நிற்கவில்லை, மற்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். இன்று பெரும்பாலான தடுப்பான்கள் அதை அடிப்படையாக வைத்துத்தான் இயங்குகின்றன. அதில் பல்லாயிரக்கணக்கான விதிகள் இருக்கின்றன. உலகத்தில் உள்ள எல்லாத் தளங்களின் எல்லாக் கோப்புப் பெயர்களோடும் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு விதியைச் சேர்க்க எந்த மனிதராலும் முடியாது.

சொந்தமாக விதி எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. முகவரியில் ‘ஆட்ஸ்’, அதாவது ஏ, டி, எஸ் என்ற ஃபோல்டர் வந்தால் தடுக்கலாம் என்று நினைத்து, முன்னும் பின்னும் சாய்கோடு போட்டு ஒரு விதி எழுதுவார்கள். ஆனால் சாய்கோட்டில் தொடங்கி சாய்கோட்டில் முடியும் விதியை இந்த மென்பொருள்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளைத் தேடும் ஒரு சூத்திரம், என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த இரண்டு சாய்கோடுகளும் விதியின் எல்லைக் குறிகள் மட்டுமே, தேடும் எழுத்துகளில் சேராது. மிச்சம் இருப்பது ஏ, டி, எஸ் என்ற மூன்றெழுத்து. அது முகவரியில் எங்கே வந்தாலும் பிடிக்கும். இப்போது ‘அப்லோட்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்து அவைதான். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் உருவாக்கிய தளங்கள் எல்லாம் தங்கள் படங்களை வழக்கமாக வைப்பது ‘அப்லோட்ஸ்’ என்ற ஃபோல்டரில். ஆக அந்த ஒரே விதி, பாதி இணையத்தின் புகைப்படங்களை அழித்துவிடும். கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், இந்த வம்பு இல்லை.

சரியாக நட்சத்திரம் போட்டு எழுதினாலும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. விக்கிப்பீடியாவின் படங்கள் சேமிக்கப்படும் விக்கிமீடியா காமன்ஸில் கோடிக்கணக்கான படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்ட முடியாது என்பதால், கோப்பின் பெயரிலிருந்து எம்டி5 என்ற கணக்கீட்டின் மூலம் ஒரு நீண்ட குறியீட்டை எடுத்து, அதன் முதல் எழுத்தை ஒரு ஃபோல்டராகவும் முதல் இரண்டு எழுத்துகளை அதற்குள் இன்னொரு ஃபோல்டராகவும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியீட்டில் வருபவை 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும். 16 குறிகள், இரண்டு இடங்கள், ஆக 256 ஃபோல்டர்கள். அந்த 256இல் ஒன்று ஏ, டி. யாராவது ‘ஆட்’ என்ற ஃபோல்டரில் உள்ள படங்களைத் தடு என்று பொதுவாக ஒரு விதி எழுதினால், காமன்ஸ் படங்களில் ஏறத்தாழ 256க்கு ஒன்று அவருக்கு மட்டும் மறைந்துவிடும். எந்தப் படம் மறையும் என்பதற்கு ஒரு காரண காரியமும் இருக்காது. ஒரு பறவையின் படம் வரும், பக்கத்துப் பறவையின் படம் வராது. தன் இணைப்பைச் சந்தேகப்படுவார், விக்கிப்பீடியாவைச் சந்தேகப்படுவார். தான் என்றோ எழுதிய ஒரு வரி விதியை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்.

அளவுகளால் வரும் குழப்பம் இன்னொரு வகை. விளம்பரப் பலகைகளுக்கு இணையத்தில் நிலையான அளவுகள் உண்டு: 468×60, 728×90, 160×600, 300×250. விளம்பரக் கோப்புகளின் பெயரிலேயே இந்த எண்களைப் போடுவது வழக்கம் என்பதால், ஈஸிலிஸ்ட்டில் அளவுகளை வைத்துத் தடுக்கும் விதிகளுக்கென்றே ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. இன்னொரு பக்கம் வேர்ட்பிரஸ். நாம் ஒரு படத்தை ஏற்றினால் அது தானாகவே சில சிறிய பிரதிகளை உண்டாக்கி, அவற்றின் அகலத்தையும் உயரத்தையும் கோப்புப் பெயரின் கடைசியில் ஒட்டிவிடும். ‘மீடியம்’ என்ற பிரதிக்கு வழக்கமான உச்ச அளவு 300×300. 1200×1000 அளவில் வெட்டிய ஒரு படத்தை ஏற்றினால், அது சுருங்கி 300×250 ஆகும். அப்படியே விளம்பரத்தின் அளவு! அளவை மட்டும் பார்த்துத் தடுக்கும் விதி ஒன்று வாசகரின் பட்டியலில் இருந்துவிட்டால் படம் போச்சு. கேமராவிலிருந்து அப்படியே வரும் படங்கள் பெரும்பாலும் 3:2 அல்லது 4:3 விகிதத்தில் இருக்கும். அவை 300×200, 300×225 என்று சுருங்கும், தப்பித்துக்கொள்ளும். கையால் வெட்டிச் சீர்செய்த படம்தான் சிக்கும். அக்கறையோடு வேலை செய்த படத்துக்கே அடி விழுகிறது என்பது எனக்கு வருத்தம்.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கோப்பு இறங்காது. கோப்பு இறங்கியும் தெரியாமல் போகிற வகை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தடுப்பான்களின் பட்டியலில் இரட்டை ## குறியோடு வரும் விதிகள் கோப்பைத் தடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ஒரு தன்னார்வக் குழுவின் தளத்தில் ‘எங்களுக்குத் துணை நின்றவர்கள்’ என்று ஒரு பகுதி இருந்தது. உதவிய சின்னச் சின்ன அமைப்புகளின் சின்னங்களை அங்கே வரிசையாக வைத்திருந்தார்கள். வடிவமைத்தவர் அந்தப் பெட்டிக்கு ‘ஸ்பான்ஸர்’ என்று தொடங்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்? தலைப்பு தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. நெட்வொர்க் பகுதியில் பார்த்தால் எல்லாப் படங்களும் 200 என்று ஒழுங்காக இறங்கியிருக்கும். தேடுபவர் குழம்பிவிடுவார். இந்த மாதிரி நேரத்தில் அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்து, பெட்டியின் ஸ்டைலைப் பார்க்க வேண்டும். ‘டிஸ்பிளே’ என்பதற்கு நேரே ‘நன்’, அதாவது காட்டாதே, என்று தளம் எழுதாத ஒரு வரி உட்கார்ந்திருக்கும். பெட்டியின் பெயரை மாற்றியதும் தீர்ந்தது. நன்றி சொல்வதற்காக வைத்த படங்கள், நன்றி போய்ச் சேர வேண்டியவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கின்றன.

படம் குற்றமற்றது, அதை அழைத்துவரும் ஸ்கிரிப்டுதான் மாட்டியது என்ற வகையும் உண்டு. வாசகர் கீழே நகர்த்தி வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவதற்காகச் சில தளங்கள் வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டைப் போடுகின்றன. அது வராவிட்டால் பக்கத்தில் ஒரு படமும் வராது, சாம்பல் நிறக் கட்டங்கள்தான். 2019இல் குரோமின் 76ஆம் பதிப்பிலிருந்து இந்த வேலையைப் பிரவுசரே செய்கிறது. பட டேகில் ‘லோடிங்’ என்ற பண்புக்கு ‘லேஸி’ என்று கொடுத்தால் போதும். மற்ற பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இன்னும் அந்தப் பழைய ஸ்கிரிப்டைத் தூக்கிச் சுமக்க வேண்டியதே இல்லை.

வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் சேர்த்துத் தடுக்கும் பை-ஹோல் மாதிரி ஒன்றைப் போட்டிருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அது டிஎன்எஸ் மட்டத்தில், அதாவது சர்வரின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடும் கட்டத்தில், வேலை செய்வதால், சர்வரின் பெயரைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. ஃபோல்டரோ கோப்போ அதன் பார்வைக்கு வராது. ஒரு சர்வரிலிருந்து விளம்பரமும் வருகிறது, நல்ல படமும் வருகிறது என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் இதில் ஒரு நன்மை: பிரவுசருக்கு இது தடுப்பானின் வேலை என்று தெரியாததால் இடத்தைச் சுருக்காது, உடைந்த படத்தின் சின்னம் தெரியும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் படம் வந்துவிடும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இனி தளம் நடத்துபவர்களிடம் ஒரு விஷயம். படம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், “ஆட் பிளாக்கரை அணைத்துவிட்டுப் பாருங்கள்” என்று பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். கண்டுபிடிப்பதற்கு அது சரியான கேள்வி. தீர்வாகச் சொல்வது தவறு. வாசகர் ஒருமுறை அணைத்தால், மறுபடி போட மறந்துவிடுவார். அப்புறம் வேறெங்கோ ஒரு மோசமான பக்கத்தில் அவர் மாட்டிக்கொள்வார், உங்கள் ஒரு படத்துக்காக. அதைவிட, உங்கள் கோப்புகளுக்கும் ஃபோல்டர்களுக்கும் ‘ஆட்’, ‘பேனர்’, ‘ஸ்பான்ஸர்’, ‘ப்ரோமோ’, ‘ட்ராக்’ மாதிரிப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மாற்றுங்கள், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வையுங்கள். புள்ளிவிவர வரைபடங்களை ‘ஸ்டாட்ஸ்’ என்ற ஃபோல்டரில் வைப்பதையும் நான் தவிர்க்கிறேன். பின்தொடர்வதைத் தடுக்கும் பட்டியல்கள் அந்தப் பெயரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஒரு பக்கத்தை வெளியிடும் முன், தடுப்பான் போட்ட ஒரு பிரவுசரில் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். மொபைலில் சரியாகத் தெரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். இதுவும் அதே அளவு அவசியம்.

தடுப்பான்களை ஏமாற்றி விளம்பரத்தை உள்ளே தள்ளும் தளங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. விளம்பரக் கோப்புகளுக்குத் தினமும் பெயர் மாற்றுகிறார்கள், செய்திப் படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் கலந்து வைக்கிறார்கள். பட்டியல் எழுதுபவர்கள் வேறு வழியில்லாமல் விதியை அகலமாக்குகிறார்கள். விதி அகலமாக அகலமாக, விளம்பரமே வைக்காத ஒரு கணக்கு ஆசிரியரின் படம் அதில் அடிபடுகிறது. தப்பு செய்தவருக்கும் தண்டனை அனுபவிப்பவருக்கும் சம்பந்தமே இல்லை.

வாசகர்களுக்கு: யூபிளாக் ஆரிஜினின் அமைப்புகளில், தடுக்கப்பட்டவற்றின் இடத்தை மறைப்பது பற்றி ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. நான் பாடங்களும் கட்டுரைகளும் படிக்கும் பிரவுசரில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். பக்கங்கள் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். ஆனால் எங்கேயோ ஒன்று இல்லை என்பதாவது தெரியும். தடுப்பானின் ஐகானில் எத்தனை தடுத்தது என்று ஒரு எண் வருகிறதே, அது இதற்கு உதவாது. தடுத்தவற்றில் எது குப்பை, எது பாடம் என்று அந்த எண் சொல்லாது. எழுத்து ‘மேலே உள்ள படத்தில்’ என்று சொல்லி, மேலே படம் இல்லையென்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். படம் வந்தால் காரணம் புரிந்துவிட்டது. உடனே திரும்ப இயக்கிவிட்டு, புகார் எழுதுங்கள்.

புகார் என்றதும் தயங்க வேண்டியதில்லை. ஈஸிலிஸ்ட், யூபிளாக் ஆரிஜின் இரண்டுமே மென்பொருள் திட்டங்களை நடத்தும் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாகப் புகார்களைப் பெறுகின்றன. யூபிளாக் ஆரிஜினின் சிறு ஜன்னலிலேயே பிரச்சினையைத் தெரிவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. ‘உங்கள் பிளாக்கர் என் படத்தைக் கெடுத்துவிட்டது’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. பக்கத்தின் முழு முகவரி, எந்தப் படம் மறைகிறது என்று வட்டமிட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட், பிரவுசரும் தடுப்பானும் என்ன, எந்தப் பட்டியல்களை இயக்கியிருக்கிறீர்கள், முடிந்தால் லாகர் காட்டிய விதி. இவை இருந்தால் பார்ப்பவருக்குச் சில நிமிட வேலை. நீங்களாகச் சேர்த்த பட்டியல்களையும் சொந்த விதிகளையும் அணைத்துவிட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள், இல்லையென்றால் வேறொருவர் செய்யாத தவறைத் தேடி அவர்கள் நேரம் வீணாகும்.

அவர்கள் செய்யும் திருத்தம் பெரும்பாலும் ஒரே வரிதான். இரண்டு @@ குறிகளோடு தொடங்கும் ஒரு விதிவிலக்கைச் சேர்ப்பார்கள், அல்லது பழைய விதியை இன்ன தளங்களில் மட்டும் என்று குறுக்குவார்கள். குறுக்குவதே நல்லது என்பது என் கருத்து. விதிவிலக்கு உங்கள் ஒரு தளத்தைக் காப்பாற்றும். விதியைக் குறுக்கினால் புகார் எழுதத் தெரியாத மற்ற தளங்களும் சேர்ந்து தப்பிக்கும். அதனால் விதி அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது என்று தோன்றினால், அதையும் புகாரில் பணிவாகச் சொல்லுங்கள். எந்த மாதிரி முகவரிகள் எல்லாம் சிக்கும் என்று ஒன்றிரண்டு உதாரணமும் கொடுங்கள்.

திருத்தம் ஆகிவிட்டது என்று பதில் வந்த அன்றே உங்கள் திரையில் படம் வந்துவிடாது. பட்டியல்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளச் சில நாட்கள் ஆகலாம். அமைப்புகளில் பட்டியல் பகுதிக்குப் போய், சேமித்துவைத்த பழைய பிரதிகளான கேஷை அழித்து, இப்போதே புதுப்பிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்போதும் படம் வரவில்லை என்றால் புதிதாக இன்னொரு புகார் திறக்காமல், அதே புகாரின் கீழே எழுதுங்கள்.